மறுமொழி: ‘சஸ்டெய்னபிள் யீல்டு’ – ‘தாங்கிறைப்பு’ சரிவருமா?

> ‘பாதுகாப்பான விளைச்சல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா.

கேடு வராமல் நிலத்தடி நீரைத் தொடர்ந்து எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவுதான் ‘சஸ்டெய்னபிள் யீல்டு’. அதற்கு ‘விளைச்சல்’ வேண்டாம் என்பேன். விளைச்சல் என்றதும் மலேசியாவின் பந்திங்கில் எங்கள் கண்முன் செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் குலைதான் வரும். விளைச்சல் மண் தருவது. இங்கே கணக்குப் பார்ப்பதோ நாம் எடுப்பதை. ஆகவே ‘இறைப்பு’.

‘பாதுகாப்பான’ என்ற முன்னொட்டில்தான் தகராறு. 1915இல் அமெரிக்க நீர்ப்பொறியாளர் சார்லஸ் லீ ‘சேஃப் யீல்டு’ (பாதுகாப்பான விளைச்சல்) என்றது, நிலத்தடி நீரிருப்பு ஆபத்தாகக் கரையாமல் தொடர்ந்து எடுக்கக்கூடிய அளவை. பின்னால் வந்தவர்கள் பலர் அதை மழையின் மீள்நிரப்புகைக்கு (ரீசார்ஜ், அதாவது மழைநீர் நிலத்தடியில் சேரும் அளவு) சமமாக்கிவிட்டார்கள். அது தப்பு. மழைநீர் நம் பம்புக்காகக் காத்திருக்கவில்லை; ஏற்கெனவே ஆற்றுக்கும் சதுப்புக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. நாம் எடுத்தால் அங்கே குறையும், அல்லது இருப்பு குறையும். 1940இல் அமெரிக்க நிலத்தடிநீர் ஆய்வாளர் தைஸ் சொன்னதன் சாரம் இதுதான். ‘இறைத்த கிணறு ஊறும்’, சரி. எங்கிருந்து ஊறும்?

எங்கள் லங்காட் ஆற்றுப் படுகையின் கடலோரப் பக்கத்தில் மேலே களிமண், அடியில் மணலும் சரளையும். நீர்மட்டம் இறங்கினால் களிமண் அமுங்கி நிலம் தாழும், உப்புநீரும் உள்ளே வரும். மழை எவ்வளவு பெய்தது என்று மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. கலிபோர்னியாவின் 2014 நிலத்தடி நீர்ச் சட்டம் இதனால்தான் ஆறு கேடுகளைச் சொல்லி, அவை நேராத அளவுக்கு எடு என்கிறது: மட்டம் இறங்குதல், இருப்புக் குறைதல், கடல்நீர் புகுதல், தரம் கெடுதல், நிலம் தாழ்தல், ஆற்றுநீர் வற்றுதல்.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எங்களுக்கு ஒரே கிணறு. காலையில் நாலு வீடு இறைத்ததும் வாளியில் செம்மண் கலங்கி வரும். பாட்டி கயிற்றைச் சுருட்டிவிட்டு, “இனி தாங்காது, ஊறட்டும்” என்பார். என் சொல் அங்கிருந்து வந்ததுதான்: தாங்கு + இறைப்பு = தாங்கிறைப்பு, வினைத்தொகை. நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடியில் நீரைத் தேக்கிவைக்கும் அடுக்கு, தாங்கும் இறைப்பு.

---

மறுமொழி (ஓர் ஆசிரியரிடமிருந்து):

தம்பி,

பொருள் பிடிக்கிறது, புணர்ச்சி பிடிக்கவில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். ‘வாளியைத் தாங்கி இறைப்பதா டீச்சர்?’ என்கிறார்கள். தவிர, இது ஆண்டுக்கு இத்தனை கனமீட்டர் என்று எண்ணில் எழுதுவது. ‘அளவு’ இல்லாமல் நிற்காது. ‘தாங்கும் இறைப்பளவு’ என்று பிரித்தே எழுதலாம். அட்டவணையில் நீண்டால் நீளட்டும்.

அப்புறம், உங்கள் மடலிலேயே பாட்டி ‘ஊறட்டும்’ என்கிறார், நீங்கள் ‘மீள்நிரப்புகை’ என்கிறீர்கள். ரீசார்ஜுக்கு ‘ஊறல்’ போதாதா?