நடந்தா முள் தாவுது: ஸ்பிரிங் வச்ச ரிக்கார்டு பிளேயர் செட்டும் பழைய மாடியும் (மதுரை ஆளுங்க அவங்கவங்க ஏரியா பேர்ல பேசுறாங்க)

தெற்கு மாசி வீதி:
மர உத்திரத்து மேல செங்கல் அடுக்கின பழைய மாடி. ஆள் நடந்தா முள் தாவுது. சவுண்டை எவ்வளவு கூட்டினாலும் ஊளை, அதாவது ஸ்பீக்கர் சத்தம் முள்ளுக்கே திரும்பிப் போய் வர்ற உறுமல், இல்லை. தாவலும் ஊளையும் வேற வேற வியாதி, ஒரே மருந்து கேக்காது. ரிக்கார்டு சுத்துற தட்டும் முள்ளைத் தாங்குற ஆர்மும் சேர்ந்து மூணு ஸ்பிரிங்ல நிக்கிற செட், அதாவது 1961-ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சரோட ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனி செட்ல வந்த அமைப்பு, பொதுவா 3-லேருந்து 5 ஹெர்ட்ஸ்ல ஆடும். காலடிக்கு மரத்தளம் அசையுறதும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான். ஊஞ்சலை நேரம் பாத்துத் தள்ளுற கதை. அடியில ரப்பர், ஸ்பிரிங்னு இன்னும் சொருகினா மோசமாகும். சுவத்துல ஆங்கிள் அடிச்சு 18 எம்எம் பிளைவுட் பலகையில வைக்கிறதுதான் வழி.

திருநகர்:
துளை போடுறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கைப் பாருங்கண்ணே. ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல பாலம் மாதிரி வச்சா அடியில கை போகும். தட்டு, அது மேல விரிக்கிற மேட், ஒரு ரிக்கார்டு எல்லாம் மேல இருக்கணும். வெறும் தட்டுல செட் பண்ணினா பின்னாடி சாயும். பெட்டிக்கு ரசமட்டம் பாத்துட்டு அப்புறம் தட்டுக்கு. ஸ்பிரிங் நட்டை ஒரு தடவைக்கு அரைச் சுத்துதான். நடுவுல லேசா அமுக்கி விட்டா தட்டு உலக்கை மாதிரி நேரா ஏறி இறங்கணும். பக்கவாட்டுல நெளிஞ்சா நட்டைத் தொடாம ஸ்பிரிங்கையே கொஞ்சம் திருப்புங்க. சுருள் முடியுற இடத்தைப் பொறுத்து அது ஒரு பக்கமாத் தள்ளும். அப்பவும் நெளிஞ்சா ஆர்ம் ஒயர். இறுக்கிக் கட்டின ஒயர் நாலாவது ஸ்பிரிங் மாதிரி, தொளதொளன்னு வளைவா விடுங்க. தட்டைச் சுத்துற பெல்ட் மாட்டின பிறகு இன்னொரு தடவை அமுக்கிப் பாக்கணும். மொபைல்ல ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணுங்க, ரெண்டு செகண்டுக்கு ஏழெட்டு ஆட்டம். பாரத்துல ஸ்பிரிங் 1.5 செ.மீ. அமுங்கினா சுமார் 4 ஹெர்ட்ஸ், 1 செ.மீ.ன்னா 5.

ஒத்தக்கடை:
ஸ்பிரிங் இல்லாத செட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்க ஊளைதான் தொல்லை. நிக்கிற ரிக்கார்டு மேல முள்ளை இறக்கி வால்யூமை மெல்ல ஏத்துங்க. உறுமல் கேட்டதும் குறைச்சிருங்க, இல்லாட்டி ஸ்பீக்கரோட ஊஃபர் போயிரும். 45×40×2 செ.மீ. கடப்பாக் கல் பத்து கிலோ கிட்ட வரும். கல்லை மட்டும் வச்சா தட்டினா கணீர்ங்கும், அந்த ஒலியும் முள்ளுக்குப் போகும். கல்லுக்கு அடியில 12 இஞ்ச் குழந்தை சைக்கிள் டியூப், பாதிக் காத்து, வால்வு பின்பக்கம். நிறைய அடிச்சா கல்லு மாதிரி ஆயிரும், பலனில்லை. காத்து இறங்கும், வாரம் ஒரு தடவை ரசமட்டம் வைங்க.

உசிலம்பட்டி:
கோணின ரிக்கார்டுக்கு முள் தாவினா ஸ்பிரிங்கைத் திட்டாதீங்க. ஆர்மோட எஃபெக்டிவ் மாஸ் (முள் பக்கம் உணர்ற எடை), காட்ரிட்ஜ் (முள் மாட்டின சின்னப் பெட்டி), ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்து 25 கிராம், காட்ரிட்ஜ் கம்ப்ளையன்ஸ் (முள் எவ்வளவு இளகிக் குடுக்கும்ங்கிற எண்) 30 எனில் 750-க்கு வர்க்கமூலம் எடுத்து அதால 159-ஐ வகுங்க: ஆர்ம் ஆடுற வேகம் 5.8 ஹெர்ட்ஸ். ஸ்பிரிங் ஆட்டத்துக்கு ரொம்பப் பக்கம். 8-லேருந்து 12-க்குள்ள வரணும். ஜப்பான் காட்ரிட்ஜ்ல கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸ்ல போட்டிருந்தா ஒண்ணரை, ரெண்டு மடங்கா எடுத்துக்கங்க.

தெற்கு மாசி வீதி:
திருநகர் தம்பி சொன்ன ஒயர்தான் பாதி. ஆனா சுவத்துப் பலகை இல்லாம மரத்தளம் முழுசா அடங்காது. பழைய சுண்ணாம்புச் சுவர்ல விரியுற போல்ட் போட்டா செங்கல் பிளந்துரும். நீள போல்டை சிமெண்ட்ல புதைச்சு ஒரு வாரம் விட்டுட்டுப் பலகையை மாட்டுங்க.