லெகோ டபிள்யூ.பி. இன்ஜின் வளைவில் மட்டும் நின்றுவிடுகிறது

பெரம்பூரில் இருந்து எழுதுகிறேன். லெகோவில் கட்டிய டபிள்யூ.பி. (இந்திய ரயில்வேயின் பழைய பயணிகள் ரயில் இன்ஜின் வகை) நீராவி இன்ஜின், 4-6-2 அமைப்பு (முன்னால் 4, நடுவில் 6 இயக்கு சக்கரம், பின்னால் 2), 8 ஸ்டட் (லெகோ கட்டையின் மேல் குமிழ்) அகலம். நேர் தண்டவாளத்தில் நாலு பெட்டியை அலுங்காமல் இழுக்கிறது. ஆர்40 வளைவுக்குள் (320 மி.மீ. ஆரம்) நுழைந்ததும் 'டக் டக்' என்று பல் தாண்டி நின்றுவிடுகிறது. மூன்று வாரமாக இதே கதி.

ஒரு எல் மோட்டார் (லெகோ மின்மோட்டார் வகை). 12 பல் கியரில் இருந்து 20 பல் கியருக்கு வேகத்தைக் குறைத்துக் கடைசி இயக்கு அச்சில் கொடுத்திருக்கிறேன். சக்கரம் வழுக்காமல் இருக்கப் போடும் ரப்பர் வளையமும் அந்த அச்சில்தான். பேட்டரி டெண்டரில் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி). இயக்கு அச்சுகளுக்கு இடையே 5 ஸ்டட், இயக்கு சக்கரங்களைச் சேர்த்துச் சுழலவைக்கும் கப்ளிங் ராடு ஒரே 11 துளை லிஃப்ட்ஆர்ம் (துளையுள்ள லெகோ சட்டம்).

நடு ஜோடிக்கு விளிம்பில்லாத சக்கரம் போட்டாச்சு. இரு பக்க கிராங்கும் (சக்கரத்தில் ராடு மாட்டும் இடம்) சரியாக 90 டிகிரி விலகி நிற்கின்றன. ராடில் இருந்த, உராய்வுள்ள கறுப்புப் பின்னை (இணைப்பு முளை) எடுத்து, உராய்வில்லாத சாம்பல் பின் போட்டேன்; நேர்ப்பாதையில் ஓட்டம் சீரானது, வளைவில் பலனில்லை. முன் போகியை (முன்னால் உள்ள 4 சக்கரத் தொகுதி) கழற்றியும் அதே இடத்தில் நிற்கிறது. ராடைக் கழற்றினால் மட்டும் வளைவைத் தாண்டுகிறது, அதனால் இறுக்கம் ராடில்தான் என்று நினைக்கிறேன். 12 பல் கியரின் பல் நுனிகள் வெளுத்துவிட்டன, இன்னும் ஓட்டிப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது.

அந்த ஒற்றை ராடுக்குப் பதில், 6 துளை மெல்லிய லிஃப்ட்ஆர்ம் இரண்டை நடு அச்சில் மூட்டுப் போட்டு இணைத்தால் இந்த இறுக்கம் விடுமா?