மலையிலோ கடலிலோ மாட்டினால் மீட்புச் செலவு யார் தலையில்?

வடசேரி நடையன்:
நாகர்கோவிலில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவாழ்மலை, காளிகேசம், முட்டம் என்று இருபது பேர் வரை சேர்ந்து போகிறோம். லாபம் கிடையாது, வேன் வாடகையும் சாப்பாடும் பங்குதான். யாராவது வழுக்கி விழுந்து, தீயணைப்புத் துறையோ மீனவர்களோ வந்து தூக்க நேர்ந்தால் செலவை யார் கொடுப்பது? ‘என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று எழுதி வாங்கினால் போதுமா?

பத்மநாபபுரத்தான்:
உயிரை மீட்க வரும் தீயணைப்புத் துறை பணம் கேட்காது, 108 ஆம்புலன்ஸும் இலவசம். பணம் போவது வேறு வழியில். வன உயிரின சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 51 பிரிவுகளில் வழக்கு வரும். கடற்கரைக்கு ஆட்சியர் தடை போட்டிருக்கும்போது இறங்கினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 223.

எழுதி வாங்கும் தாள் உங்களைக் காப்பாற்றாது. கவனக்குறைவால் மரணம் என்றால் அதே சன்ஹிதாவின் பிரிவு 106. அதில் ‘அவரே கையெழுத்துப் போட்டார்’ என்பது எடுபடாது. ஆனாலும் வாங்குங்கள். ரத்த வகை, சாப்பிடும் மருந்து, நீச்சல் தெரியுமா, வீட்டில் யாரை அழைப்பது என்ற நான்கும் அதில் இருந்தால் ஆஸ்பத்திரியில் கைகொடுக்கும். வருடம் 20 ரூபாய்க்கு வங்கியில் கிடைக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் தரும். ஆஸ்பத்திரிச் செலவு அதில் வராது. தனியார் பாலிசி என்றால் ‘சாகச விளையாட்டு’ விலக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குமரி மேற்கு:
என்னைக் கேட்டால் பில் போட வேண்டும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அஜாக்கிரதையாக மலையேறி மாட்டியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கிறார்கள். 25 டாலர் அட்டை வாங்கியிருந்தால் விலக்கு. தடைப் பலகைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு இறங்குகிறவனுக்கு ஊர் ஏன் செலவழிக்க வேண்டும்?

கடியப்பட்டணம் வள்ளம்:
அண்ணாச்சி, கோபம் நியாயம்தான். ஆனால் பில் பயம் வந்தால் பையன்கள் கூப்பிடத் தயங்குவார்கள். கடலில் மூழ்கியவருக்கு நாலைந்து நிமிடம்தான். தடையை மீறியதற்குத் தண்டம் போடுங்கள், மீட்டதற்குப் போடாதீர்கள்.

நம்ம கடலைப் பற்றி ஒன்று. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில். கள்ளக்கடல் என்பது இதுதான்: எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று இறங்குவது அதனால்தான் ஆபத்து. புறப்படும் முன், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் (INCOIS) அறிவிப்பைப் பாருங்கள்.

மூழ்குகிறவருக்குக் கரையிலிருந்து எறிய, கையில் 20 மீட்டர் மிதக்கும் கயிறு வேண்டும். நைலான் தண்ணீரில் அமிழ்ந்து பாறையில் சிக்கும். பாலிபுரொப்பிலீன் மேலே மிதக்கும். முனையில் காலியான 5 லிட்டர் எண்ணெய் கேன், உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர், மூடி இறுக்கம். வெறும் கேனைக் காற்று திருப்பிவிடும், அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான் தூரம் போக வைக்கும். நீச்சல் தெரியும் என்று பின்னால் குதிக்க வேண்டாம், இரண்டு பேரைத் தேட வேண்டியதாகும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டியவர் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தட்டும். 1093 தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1554 இந்தியக் கடலோரக் காவல்படை. இரண்டையும் செல்போனில் ஏற்றி வையுங்கள்.

பத்மநாபபுரத்தான்:
காளிகேசத்துக்கும் இதே கணக்கு. கீழே மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்தால் ஆறு திடீரென்று ஏறும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

வடசேரி நடையன்:
அப்போ மீனவர் வள்ளத்தோடு வந்தால்?

கடியப்பட்டணம் வள்ளம்:
அங்கேதான் உண்மையான செலவு, யாரும் பேசாத செலவு. 2017 ஒக்கிப் புயலின்போதும் எங்கள் ஆட்கள் சொந்த வள்ளத்தில்தான் தேடப் போனார்கள். தேடலுக்குப் போனால் எண்ணெயும் போகும், அன்றைய தொழிலும் போகும், வலை அறுந்தால் அதுவும். மீட்டவர் பில் நீட்டமாட்டார், கேட்பது அவருக்குக் கூச்சம். ஆளுக்கு 50 ரூபாய் வீதம் ஒவ்வொரு பயணத்திலும் எடுத்துத் தனியாக வையுங்கள். அப்படி ஒரு நாள் வந்தால் அன்று மாலையே ஊர்க் கமிட்டியிடம் எண்ணெய்க் காசையும் கூலியையும் கொண்டுபோய்க் கொடுங்கள். மாலையும் சால்வையும் அதற்குப் பிறகு.