மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் சைக்கிளில்: வழியில் மறித்துக் கதைத்தவர்கள்

குளக்கட்டு:

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் மாங்குளம் சந்தியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு நேரே போய்விடுகிறார்கள். அந்தச் சந்தியில் கிழக்கே திரும்பும் ஏ34 வீதியில் போன தை மாதம் சைக்கிளில் போனேன். முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பெரிய ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லை, பழைய லுமாலா சைக்கிளே போதும். வேகமாக மிதிக்கிறவர் அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடுவார். எனக்கு இரண்டு நாள் எடுத்தது, ஏனென்றால் வழி முழுக்க ஆட்கள் மறித்துக் கதைத்தார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டேன். ஒலுமடு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நடு ரோட்டில் யானை இலத்தி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, எதிரே லான்ட்மாஸ்டரில், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், வந்த ஐயா ஒருவர் நிறுத்தினார். "தம்பி, உதிலயே நில்லும். முன்னுக்கு மதகடியில ஒருத்தர் நிக்கிறார், அவர் போகட்டும்" என்றார். யானை என்ற சொல் கடைசி வரை அவர் வாயிலிருந்து வரவில்லை. வயலுக்குப் போக அவசரப்பட்டவர், அரை மணித்தியாலம் என்னோடேயே நின்றார். மோட்டார் சைக்கிள் வருவது அதற்குத் தூரத்திலேயே கேட்டுவிடுமாம், சைக்கிள் வருவது பக்கத்தில் வரும்வரை தெரியாதாம், திடுக்கிட்டால்தான் துரத்துமாம். "வெயில் ஏறாமல் இந்தக் காட்டுக்குள்ள சைக்கிள் ஓடக்கூடாது, ஏழு மணிக்குப் பிறகு வாரும்" என்று நல்லாய் ஏசினார். அவருடைய பிள்ளைக்கு ஏசுவது போலவே இருந்தது.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, ஊர்ப் பெயரின் கதையைச் சொன்னா. குரக்கன் வெட்டிய பிறகு நிலத்தில் மிஞ்சி நிற்கும் தாள்தான் ஒட்டு. அந்த ஒட்டைச் சுட்ட இடத்தில் லிங்கம் தோன்றியதால் ஒட்டுசுட்டான். இந்தக் கதையை முன்பும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் சின்ன வயதில் தகப்பனோடு போய்த் தானே ஒட்டுக்கு நெருப்பு வைத்த ஒருவர், அந்த மணம் எப்படி இருக்கும், எத்தனை நாள் தலைமயிரில் நிற்கும் என்று சொல்லச் சொல்லக் கேட்பது வேறு.

அங்கிருந்து கொஞ்சம் விலகினால் கற்சிலைமடு. 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனை, அதே வருடம் ஒக்ரோபர் 31ஆம் திகதி வெள்ளைக்காரரின் கப்டன் வொன் ட்ரிபேர்க் இந்த இடத்தில் தோற்கடித்தார் என்று அறிவிக்கும் நடுகல் இங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் 67 நாள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க, ரியூசனுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திய பெடியன் ஒருவன், "அண்ணா, தோற்கடிச்சது எண்டு எழுதினது வெள்ளைக்காரர்தானே, அவை வேற எப்பிடி எழுதுவினம்?" என்றான். பத்தாம் வகுப்பு இருக்கும். தங்கள் வெற்றியைக் கொண்டாட நட்ட கல், இன்றைக்கு வன்னியன் எங்கே நின்று சண்டை பிடித்தான் என்று அவனைப் போன்ற பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது, திரும்பி வரும்போதும் அந்தக் கல்லடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

முத்தையன்கட்டுக்குப் போகாமல் இந்தப் பாதையை ஓடினேன் என்று யாரும் சொல்லாதீர்கள். பேராற்றை மறித்துக் கட்டிய குளம், மாரி முடிந்த கையோடு விளிம்பு வரை நிரம்பி நின்றது. பின்னேரம் நாலு மணிக்குக் குளக்கட்டில் ஏறினேன். ஒரு பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள், ஒவ்வொரு கொப்பிலும் நீர்க்காகம் செட்டை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கிறது. மற்றப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை காலபோக நெல், கதிர் முற்றி மஞ்சள் ஏறத் தொடங்கிய நேரம். நடுவில் குளக்கட்டில் நான் மட்டும், காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளுகிறது, பெடலை மிதிக்கவே தேவையில்லை. குளத்துத் தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கூப்பிட்டு, விரால் சுட்டுத் தந்தார்கள், உப்பும் தூளும் மட்டும்தான். காசு கொடுக்கப் பார்த்தேன், கோபம் வந்துவிட்டது அவர்களுக்கு. இரவு அவர்களில் ஒருவருடைய வீட்டு விறாந்தையிலேயே படுத்தேன்.

அடுத்த நாள் முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளை. கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீர்த்தம் சிலாவத்தைக் கடலில் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்கு வந்து, பிறகுதான் வற்றாப்பளைக்குப் போகிறது. சனம் நடந்து போகும் அந்த வழியில் சைக்கிள் ஓட ஒரு மாதிரி இருந்தது, செருப்பைக் கழற்றிக் கரியரில் வைத்தேன்.

கடைசியாக வட்டுவாகல் பாலம். இடப்பக்கம் நந்திக்கடல், வலப்பக்கம் பெருங்கடல். இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். வீச்சுவலையோடு நின்றவர், "2009இல இதாலதான் வந்தனாங்கள். அண்டைக்குத் தண்ணியைப் பாக்கேல்லை. இப்ப ஒவ்வொரு நாளும் பாக்கிறன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், திரும்பி வலையை வீசினார். அந்தப் பாலத்தில் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டாம், தயவுசெய்து.

பாலைப்பழம் (பதில்):

நான் ஏ9 வீதிக்கு மேற்குப் பக்கம், துணுக்காயில் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வவுனிக்குளக் கட்டில் சைக்கிள் ஓடுவேன். பாலியாற்றை மறித்த பழைய குளம், எங்கள் ஊரில் எல்லாளன் காலத்தோடு சேர்த்துத்தான் அதைப் பற்றிக் கதைப்பார்கள்.

போன ஆனியில் விடத்தல் முள் ஏறிப் பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. வெயில், ஒரு கடையும் கிடையாது. பாலைப்பழம் பொறுக்கிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். அதில் மூத்தவ சைக்கிளைக் கவிழ்த்து, சோற்றுப் பாத்திரத்துக்குள் கிடந்த இரண்டு கரண்டிப் பிடியால் ரயரைக் கழற்றி, ரியூபைக் குளத்துத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பிடித்துவிட்டா. ஒட்டும் பசையும் என் பையில் இருந்தது, ஒட்டத்தான் எனக்குத் தெரியாது. மனுசன் சைக்கிள் கடை வைத்திருந்தவராம், இப்போது இல்லையாம், வேலை கையில் நிற்கிறது என்றா. பிறகு மூன்று பேரும் மர நிழலில் இருந்து பழம் சாப்பிட்டோம். "வாயைத் துடையாதேங்கோ டீச்சர், தேங்காயெண்ணெய் பூசினால்தான் பால் போகும்" என்றது மற்றவ. பின்னேரம் வரை உதடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

பெண்கள் தனியாக ஓடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஊர் இருக்கிற இடங்களில் பகலில் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. காட்டுப் பகுதிக்கு மட்டும் துணை சேர்த்துக்கொண்டு போவேன். அப்புறம், ஒதுங்குவதற்கென்று பற்றைக்குள் இறங்க வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்கவே வேண்டாம்.

டைனமோ (பதில்):

இதை வாசித்துவிட்டு அப்பாவின் சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் இதே மாங்குளம், ஒட்டுசுட்டான் ரோட்டில் நெல்லு மூட்டை ஏற்றி உழக்கிய சைக்கிள். கரியருக்கு இரும்புப் பட்டம் வைத்து அகலமாக்கியிருக்கிறார். இரவில் அதைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும், அயல் வீட்டுக்காரர் எல்லாம் செய்தி கேட்க வந்து குந்தியிருப்பார்கள். கை நோகும், ஆனால் நிறுத்தினால் செய்தியும் நின்றுவிடும் என்பதால் நிறுத்த மாட்டேன். அப்பா இப்போது இல்லை. சைக்கிளுக்கு இரண்டு ரயரும் பிரேக் கட்டையும் மாற்றினால் ஓடும். அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

குளக்கட்டு:

மாசி முதல் சனிக்கிழமை, மாங்குளம் சந்தி. ரயரை இப்போதே மாற்றிவிடுங்கள், ஒட்டும் பசையும் நான் கொண்டு வருகிறேன். வெளிக்கிடுவது ஏழு மணிக்குப் பிறகு, ஐயாவிடம் இன்னொரு முறை ஏச்சு வாங்க முடியாது.