மறுமொழி: வெப்சைட் பிளாக்கருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

தீங்கான தளங்களுக்கு நம் கணினி போகாமல் நிறுத்தும் மென்பொருளான 'வெப்சைட் பிளாக்க'ருக்கு எந்தத் தமிழ்ச்சொல் என்ற இழை நீண்டுவிட்டது. வந்த பரிந்துரைகளில் முக்கியமானவற்றை எடுத்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'பிளாக்கர்' என்றே விட்டுவிடலாம் என்று இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு ஒலிபெயர்ப்பில் பகை இல்லை. ஆனால் தமிழ் எழுத்தில் அது வலைப்பூக்காரர்களின் 'பிளாகர்' பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'பிளாக்கர் நிறுவுவது எப்படி' என்று உதவிப்பக்கம் எழுதினால், வலைப்பூ தொடங்க வந்தவர்தான் முதலில் படிப்பார்.

> 'இணையதள முடக்கி' போதாதா? பத்திரிகைகளில் புழங்கும் சொல்தானே?

புழங்குகிறதுதான், ஆனால் எதற்கெல்லாம் என்று பாருங்கள். யாரோ ஹேக் செய்தால் 'இணையதளம் முடக்கம்'. அரசு உத்தரவு போட்டாலும் முடக்கம். தேர்வு முடிவு வரும் நாளில் வழங்கி (சர்வர்) படுத்துக்கொண்டாலும் 'இணையதளம் முடங்கியது'. எல்லாவற்றிலும் அடி வாங்குவது தளம். நாம் பேசும் மென்பொருளோ தளத்தைத் தொடுவதே இல்லை. போலி வங்கித் தளம் அங்கே சௌக்கியமாகத்தான் இருக்கிறது. இந்தக் கணினி அங்கே போகாது, அவ்வளவுதான். 'முடக்கிவிட்டோம்' என்று திரையில் படித்தவர், அந்தத் தளமே ஒழிந்தது என்று நம்பிக் கைப்பேசியில் அதே இணைப்பைத் தட்டினால் யார் பொறுப்பு?

> தளமறிப்பி

'மறி' நல்ல வினை, சுருக்கமும்கூட. ஆனால் இங்கே மறியல் என்றால் சாலை மறியல். இலங்கையில் மறியல் என்றால் சிறை, 'விளக்கமறியல்' அங்கே அன்றாடச் செய்திச்சொல். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்று பேசிக்கொண்டே இதைத் தேர்ந்தெடுப்பது சரியாக வராது.

என் வாக்கு 'தளத்தடுப்பி'க்கு. தடுப்பூசி, தடுப்பணை, தடுப்புச்சுவர் எல்லாம் வருவதை முன்கூட்டி நிறுத்திக் காப்பவை. 'தடை' அப்படியல்ல, அது மேலேயிருந்து வருவது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசு ஒரு தளத்தை நிறுத்தினால் அது தடை. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும் சமூக ஊடகங்களை நிறுத்தியது தடை. நானே என் கணினிக்குப் போட்டுக்கொள்வது தடுப்பு. இந்த வேறுபாட்டைத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கும்போது, 'தளத்தடை மென்பொருள்' என்று எழுதி அதை நாமே அழிக்க வேண்டாம். ஈழத்து நண்பர்களுக்குத் 'தடுப்பு' என்றதும் தடுப்பு முகாம் நினைவுக்கு வரலாம். அது நியாயமான கவலைதான். முன்னால் 'தளம்' நிற்பதும் பின்னால் '-பி' என்று முடிவதும் அதைக் கொஞ்சம் விலக்கும் என்று நினைக்கிறேன். அங்கிருந்து எழுதுகிறவர்கள் சொல்லட்டும்.

'தடுப்பான்' என்பதும் பிழையில்லை, விளம்பரத் தடுப்பான் என்று பலர் எழுதுகிறார்கள். உலாவி, செயலி, வழங்கி என்ற வரிசையோடு போகட்டும் என்பதால் '-இ'. இதற்காக இன்னொரு பத்து மடல் வேண்டாம்!

> 'பக்கத்தடுப்பி' இன்னும் துல்லியம் இல்லையா?

இல்லை. இங்கே கொஞ்சம் உள்ளே போக வேண்டும். இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை பெயரை வைத்தே வேலை செய்கின்றன. மிகப் பழைய வழி ஹோஸ்ட்ஸ் கோப்பு. தளப்பெயருக்கு உரிய எண்முகவரியைத் தேடித்தரும் டி.என்.எஸ். வருவதற்கு முன்பு, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயரும் எண்முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அதைப் பராமரிப்பார்கள், மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்வார்கள். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்.ஸை வடிவமைத்த பிறகு அந்த ஏற்பாடு மெல்ல மறைந்தது, கோப்பு மட்டும் ஒவ்வொரு கணினியிலும் தங்கிவிட்டது. இன்றும் டி.என்.எஸ்.ஸைக் கேட்பதற்கு முன் கணினி பொதுவாக அதைத்தான் பார்க்கும். அதில் ஒரு கெட்ட தளத்தின் பெயருக்கு எதிரே 0.0.0.0 என்று எழுதிவிட்டால் உலாவிக்குப் போக இடமில்லை. முகவரிப் புத்தகமாகப் பிறந்தது காவல் வேலைக்கு வந்த கதை இது. 9.9.9.9 என்ற முகவரியில் 2017 முதல் இயங்கும் குவாட்9 போன்ற சேவைகள் இதையே கணினிக்கு வெளியே செய்கின்றன. தீங்கான பெயரைக் கேட்டால் 'அப்படியொரு பெயரே இல்லை' என்று பதில் வரும்.

இந்த வழிகளில் எதற்கும் ஒரு தளத்துக்குள் எந்தப் பக்கம் திறக்கிறது என்று தெரியாது. பெயர் முழுவதும் போகும், அல்லது முழுவதும் நிற்கும். ஆகவே 'தளம்' என்பதுதான் துல்லியம்.

'வடிகட்டி'யை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளடக்கத்தைப் பார்த்து ஒரு பகுதியை விட்டு ஒரு பகுதியை நிறுத்துவது வடிகட்டி. சொற்களைத் தேடி நிறுத்தும் பழைய வடிகட்டிகள் செய்த கூத்து தெரிந்ததே. 1996இல் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவை நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்கவிடவில்லை, ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததால். உலாவிக்கும் தளத்துக்கும் இடையே போவதை மறைகுறியிடும் ஹெச்.டி.டி.பி.எஸ். பரவிய பிறகு, வழியில் நிற்கும் வடிகட்டிக்குப் பக்கத்தின் உள்ளே எதுவும் தெரிவதில்லை. அந்த வேலை இப்போது பெரும்பாலும் உலாவிக்குள் போய்விட்டது.

அடுத்து 'சிங்க்ஹோல்', அதாவது ஒரு பெயரைத் தேடி வரும் கோரிக்கைகளை வேறொரு வழங்கிக்குத் திருப்பி வாங்கிக்கொள்வது. இதையும் தளத்தடுப்பி என்றே சொல்லிவிடலாம் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியது நினைவிருக்கும். அந்தத் தீநிரல் கணினிக்குள் நுழைந்ததும் முதலில் அர்த்தமில்லாத ஒரு நீளப்பெயர் கொண்ட தளத்தைத் தொட்டுப் பார்க்கும். பதில் வந்தால் நின்றுவிடும், வராவிட்டால் கோப்புகளைப் பூட்டத் தொடங்கும். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் யாரும் பதிவு செய்யாமல் கிடந்த அந்தப் பெயரைப் பதிவு செய்து, தன் வழங்கிக்குத் திருப்பினார். பரவல் ஏறக்குறைய நின்றது. இப்போது பாருங்கள்: ஒரு நிர்வாகி நல்லெண்ணத்தில் அந்தப் பெயரைத் தடுப்புப்பட்டியலில் சேர்த்திருந்தால், அவருடைய கணினிகளுக்குப் பதில் கிடைக்காது, தீநிரல் வேலையைத் தொடரும். அதைத் தடுக்காதீர்கள் என்று பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையமே அறிவுறுத்தியது.

ஹட்சின்ஸ் செய்தது தடுப்பதற்கு நேர் எதிர். வருவதை வரவிட்டு, தனக்குள் வாங்கிக்கொள்வது. நம் ஊரில் வீட்டுக் கழிவுநீரை இறக்கிவிடும் உறிஞ்சுகுழி செய்கிற வேலை. அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் முன்மொழிந்த 'புதைகுழி' அச்சுறுத்துகிறதே தவிர, அந்தப் பக்கம் ஒரு வழங்கி உட்கார்ந்து யார் வந்தார்கள் என்று குறித்துக்கொள்வதைச் சொல்லவில்லை.

பை-ஹோலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், வீட்டு வலையமைப்பு முழுமைக்கும் போடும் மென்பொருள் அது. தன்னை அது சிங்க்ஹோல் என்று அழைத்துக்கொண்டாலும், இயல்பான அமைப்பில் 0.0.0.0 என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகிறது, எதையும் வாங்கிக்கொள்வதில்லை. அதனால் தமிழில் அது தளத்தடுப்பிதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

உலாவி காட்டும் சிவப்பு எச்சரிக்கைப் பக்கத்துக்குப் புதுச்சொல் வேண்டாம். 'பரவாயில்லை, போகிறேன்' என்று அதைத் தாண்ட முடியும். எனவே 'எச்சரிக்கை' போதும்.

இடைமுகத்தில் வைத்துப் பார்த்தேன்:

'இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது.'
'தடுப்பை நீக்கு'
'தடுப்புப்பட்டியலைப் புதுப்பி'
'அனுமதிப்பட்டியலில் சேர்'

நான்கும் சிக்கலில்லாமல் நிற்கின்றன. முதல் வரியில் 'உங்கள் தளத்தடுப்பி இதைத் தடுத்துள்ளது' என்று செய்வினையாக எழுதினால் இன்னும் நல்லது. யார் தடுத்தது என்று தெரியாமல் இணையச் சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டுத் திட்டுவது குறையும். 'கறுப்புப் பட்டியல்' வேண்டாம் என்று அம்மா ஒருவர் எழுதியதை வழிமொழிகிறேன்.

இன்னும் முடிவாகாதது ஒன்று. உலாவி தன் பெயர்க் கேள்விகளை ஹெச்.டி.டி.பி.எஸ். வழியாக மறைத்து வேறு வழங்கிக்கு அனுப்பினால், வீட்டில் இருக்கும் பை-ஹோலுக்கு அந்தக் கேள்வி வந்தே சேராது. ஃபயர்பாக்ஸில் இதற்கென்று அமைப்பு இருக்கிறது. அதை 'பாதுகாப்பான டி.என்.எஸ்.' என்று மொழிபெயர்த்தால், இயக்கினால் தடுப்பு இன்னும் வலுக்கும் என்றே பயனர் நினைப்பார். 'மறைகுறியிட்ட பெயர்த்தேடல்' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்குள் எழுதுங்கள், மொழிபெயர்த்த இடைமுகச் சரங்களை அன்றுதான் பதிவேற்றுகிறோம்.