முதல் ரிமோட் பிளேன்: கையை விட்டதும் மூக்கைத் தூக்கி இடப்பக்கம் விழுது, உதவி ப்ளீஸ் (அவசரம்)

மதுரைக்காத்தாடி
வணக்கம். யூடியூப் பார்த்து நானே வெட்டி ஒட்டின பிளேன். மூணு தடவை விட்டாச்சு, மூணும் ஒரே கதை. கையை விட்டதும் மூக்கு மேல போகுது, ஒரு செகண்ட் அந்தரத்துல நிக்குது, இடப்பக்கம் சாஞ்சு தரையில குத்துது. எலிவேட்டர் (வால் மடல்) டவுன் குடுத்தாலும் கேக்கல. மோட்டார் நல்லா சுத்துது, காத்தும் பின்னாடிதான் வருது. மத்ததெல்லாம் சரியா இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி விடணும், சீக்கிரம் சொல்லுங்க.

சர்வோசாமி
இறக்கை எவ்வளவு? எடை? மோட்டார், ப்ராப் (முன்னால சுத்தற விசிறி), பேட்டரி? சிஜி (பேலன்ஸ் புள்ளி) எங்க நிக்குது? இது எதுவும் சொல்லாம கேட்டா சோழி உருட்டித்தான் பாக்கணும்.

கோவைகிளைடர்
கூடவே: ஏலரான் (இறக்கை மடல்) இருக்கா, வெறும் ரட்டர் (இட-வலம் திருப்பற வால் மடல்), எலிவேட்டர் மட்டுமா? என்ன போர்டுல வெட்டின? முடிஞ்சா பக்கவாட்டுல ஒரு போட்டோ.

பால்சாபித்தன்
மாதம் நான்கு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவை ஒருவரும் படிப்பதில்லை. அட்டையை வெட்டி மோட்டார் மாட்டினால் அது விமானம் ஆகிவிடாது தம்பி. முதலில் சிமுலேட்டரில் பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

வோல்ட்டேஜ்வேலு
"எலிவேட்டர் கேக்கல"ங்கிறதுதான் துப்பு. மலிவு ஈஎஸ்சியில (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற போர்டு) இருக்கிற பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் குடுக்கிறது) 5 வோல்ட் 2 ஆம்ப், அதுவும் லீனியர். 3எஸ் (மூணு செல்) பேட்டரி முழு சார்ஜ்ல 12.6 வோல்ட். மிச்ச 7.6 வோல்ட்டும் சூடாத்தான் போகணும். சர்வோ (மடலை அசைக்கிற குட்டி மோட்டார்) எல்லாம் சேர்ந்து 1 ஆம்ப் இழுத்தாலே 7.6 வாட் சூடு. பிஇசி படுத்துரும், ரிசீவர் ரீசெட் ஆகும். தனியா 3 ஆம்ப் யுபெக் (வெளியில மாட்டற பிஇசி) போடு, ஈஎஸ்சியோட சிவப்பு வயரை ரிசீவர்ல இருந்து கழட்டிரு.

சர்வோசாமி
வேலு அண்ணனுக்கு எந்த வியாதி வந்தாலும் பிஇசிதான். அண்ணே, கையை விட்ட ரெண்டாவது செகண்ட்ல சூடேறிப் படுக்குமா? ரிசீவர் ரீசெட் ஆனா மோட்டாரும் நிக்கும். இவருக்கு சுத்திக்கிட்டே குத்துது.

மதுரைக்காத்தாடி
ஸாரி, அவசரத்துல விட்டுட்டேன். இறக்கை நீளம் 100 செ.மீ., அகலம் 18 செ.மீ. எடை சமையல் தராசுல 1150 கிராம். ஏ2212 1000கேவி மோட்டார், 30 ஆம்ப் ஈஎஸ்சி, 1045 ப்ராப் (ட்ரோன் கிட்ல வந்தது), 3எஸ் 2200 பேட்டரி, எஸ்ஜி90 சர்வோ நாலு, ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட். ஏலரான் இருக்கு. ஃப்ளெக்ஸ் பேனர் கடையில வாங்கின 5 எம்எம் சன்போர்டு. மூக்குல இடம் பத்தல, பேட்டரி இறக்கையோட பின்விளிம்புக்குக் கீழ இருக்கு. விரல்ல வச்சுப் பாத்தேன், இறக்கைக்கு நட்ட நடுவுல சரியா நிக்குது, அதனால பேலன்ஸ் ஓகே.

கோவைகிளைடர்
நடுவுல நின்னா ஓகே இல்ல தம்பி, அங்கதான் கோளாறே. சிஜியை முன்விளிம்புல இருந்து அளக்கணும், இறக்கை அகலத்துல 25–30 சதவீதம். உன் 18 செ.மீ.க்கு 4.5 முதல் 5.4 செ.மீ. வரை. நீ 9-ல வச்சிருக்க. வால் கனமான பிளேன் மூக்கைத் தூக்கும், வேகம் செத்து ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கறதை நிறுத்திரும்). அப்புறம் எலிவேட்டர் மேல ஓட காத்தே இருக்காது, நீ டவுன் குடுத்து என்ன பண்ண?

சிஜியை 5-க்குக் கொண்டுவர 4 செ.மீ. நகத்தணும். பேட்டரி சுமார் 180 கிராம். 1150 × 4 ÷ 180 = 25.6. அதாவது பேட்டரியை 25 செ.மீ. முன்னால தள்ளணும். இடம் இல்லைன்னா மூக்குக்குக் கீழ வெல்க்ரோ பட்டை போட்டுக் கட்டு. அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஈயம் வைக்காத, ஏற்கெனவே எடை ஜாஸ்தி.

இடப்பக்கம் சாயறது டார்க் (ப்ராப்போட எதிர்முறுக்கு). ப்ராப் பின்னாலிருந்து பாத்தா வலமாச் சுத்தும், உடம்பை இடமா முறுக்கும். வேகம் இருக்கும்போது தெரியாது, ஸ்டால்ல தெரியும். மோட்டார் மவுண்ட்ல இடப்பக்க ஸ்க்ரூவுக்கு அடியில ஒரு வாஷர், மேல்பக்கத்துக்கு ஒண்ணு. மோட்டார் 2–3 டிகிரி வலமாவும் கீழாவும் பாக்கும். ஆனா முதல்ல சிஜி. அதைச் சரி பண்ணாம வாஷர் போட்டுப் பிரயோஜனம் இல்ல.

சர்வோசாமி
எடையை யாரும் கவனிக்கலையா? இறக்கைப் பரப்பு 18 சதுர டெசிமீட்டர். 1150-ஐ வகுத்தா சதுர டெசிமீட்டருக்கு 64 கிராம். பழகுற பிளேனுக்கு 30–40தான் வரணும். ஸ்டால் வேகம் மணிக்கு 35 கி.மீ. பக்கம் வரும். கையில இருந்து எறியிற வேகம் அதுக்குப் பத்தாது.

ஃப்ளெக்ஸ் கடை சன்போர்டு பிவிசி. நமக்கு வேணுங்கிறது ரெண்டு பக்கமும் காகிதம் ஒட்டின ஃபோம்போர்டு. ஏ4 அளவு துண்டு வெட்டித் தராசுல வை. பிவிசின்னா 150 கிராம் தாண்டும், காகித போர்டுன்னா 30, 40. அடுத்த பிளேனை அதுல பண்ணு, 700 கிராமுக்குள்ள முடிஞ்சிரும்.

இன்னொண்ணு: ப்ராப்ல 1045-னு எழுத்து இருக்கே, அது எந்தப் பக்கம் பாக்குது?

மதுரைக்காத்தாடி
வால் பக்கம். ஏன்?

சர்வோசாமி
கெட்டுது போ. எழுத்து எப்பவும் பிளேன் போற திசையைப் பாக்கணும். தலைகீழா மாட்டியிருக்க.

பால்சாபித்தன்
தவறு. ப்ராப்பைத் திருப்பி மாட்டினால் காற்று முன்னோக்கிப் போகும். அவர்தான் காற்று பின்னால் வருகிறது என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டாரே. ஆகவே ப்ராப் சரி. அடிப்படை தெரியாமல் புதியவர்களைக் குழப்ப வேண்டாம்.

கோவைகிளைடர்
பித்தன் சார், ஒரு நட்டை எடுத்து போல்ட்டுல முடுக்குங்க. கழட்டி, நட்டைக் கவுத்துப் போட்டு மறுபடி முடுக்குங்க. ரெண்டு தடவையும் வலமாச் சுத்தினாத்தான் ஏறும். ப்ராப்பும் அதே மரைதான். திருப்பி மாட்டினாலும் காத்து பின்னாடிதான் போகும். ஆனா தடிச்ச முன்விளிம்பு பின்னாலயும், மெல்லிசான பின்விளிம்பு முன்னாலயும் வந்துரும், வளைவும் தப்பான பக்கம் பாக்கும். இழுவை (ப்ராப் பிளேனை முன்னால இழுக்கிற விசை) நல்லாக் குறையும். அதனாலதான் காத்தைக் கையில தொட்டுப் பாத்து யாரும் கண்டுபிடிக்கிறதில்ல.

பால்சாபித்தன்
நட்டும் ப்ராப்பும் ஒன்றா? அப்படியானால் ட்ரோன் கிட்டில் 1045, 1045ஆர் என்று எதற்கு இரண்டு வகை தருகிறார்கள்?

கோவைகிளைடர்
திருப்பி மாட்டி வேலையை முடிக்க முடியாதுங்கிறதாலதான் சார் ரெண்டு வகை. ஆர்-னா எதிர்ச் சுத்து. அது கையில மாட்டினா மோட்டாரோட மூணு வயர்ல ஏதாவது ரெண்டை மாத்திப் போட்டு இடமாச் சுத்த விடணும். அப்பவும் எழுத்து முன்னாலதான் பாக்கும்.

பால்சாபித்தன்
பால்சா மரத்தில் கட்டியிருந்தால் 1150 கிராம் என்ற பேச்சே வந்திருக்காது என்பதை மட்டும் சொல்லி விலகுகிறேன்.

வோல்ட்டேஜ்வேலு
எல்லாம் சரி, யுபெக்கும் போட்டுருங்க.

சர்வோசாமி
காத்தாடி, விடறதுக்கு முன்னால இழுவையை அளந்துரு. வால்ல கயிறு கட்டி லக்கேஜ் தராசுல மாட்டு, தராசை ஜன்னல் கம்பியில கட்டு. முழு த்ராட்டில் 5 செகண்ட் போதும். ப்ராப்புக்கு நேர் பக்கவாட்டுல ஒருத்தரும் நிக்கக்கூடாது, பிளேடு தெறிச்சா அங்கதான் வரும். இந்த எடைக்கு 800 கிராமாவது காட்டணும்.

அப்புறம் ப்ராப்பைக் கழட்டிட்டு, பிளேனுக்குப் பின்னால நின்னு ஸ்டிக்கை வலமாத் தள்ளு. வல ஏலரான் மேல, இட ஏலரான் கீழ போகணும். எலிவேட்டர் ஸ்டிக்கை உன் பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேல ஏறணும். மாறி இருந்தா ரிமோட்ல ரிவர்ஸ் பண்ணு. எறியும்போது காத்துக்கு எதிரா, மட்டமா எறி. வானத்தைப் பாத்து எறியாத.

தென்றல்77
மதுரையில எந்தப் பக்கம் விடறீங்க? விமான நிலைய எல்லையில இருந்து 8 கி.மீ.க்குள்ளன்னா தரையில இருந்தே அனுமதி வேணும், 8–12 கி.மீ.ல 200 அடிக்கு மேல. டிஜிட்டல் ஸ்கை மேப்ல (அரசோட ட்ரோன் வான்வெளி வரைபடம்) ஒரு தடவை பாத்துக்குங்க.

மதுரைக்காத்தாடி
ப்ராப் திருப்பினேன். முன்னாடி 560 கிராம், இப்ப 830. பேட்டரி மூக்குக்குக் கீழ, சிஜி 5.2. இன்னிக்குக் காலையில கண்மாய்ல ரெண்டு ரவுண்டு அடிச்சுது!! இறங்கும்போது ரொம்ப வேகம், ப்ராப் உடைஞ்சு போச்சு. எல்லாருக்கும் நன்றி.

கோவைகிளைடர்
அருமை. இந்த எடைக்கு அப்படித்தான் இறங்கும், அரை த்ராட்டில்ல நீளமா வா, கடைசி ஒரு அடியில கட் பண்ணு. ப்ராப் வாங்கும்போது ஜோடியா வாங்காத, அதுல பாதி ஆர். அந்த இடச் சாய்வு நின்னுச்சா, இன்னும் இருக்கா? வாஷர் போட்டியா?

வோல்ட்டேஜ்வேலு
ஈஎஸ்சியைத் தொட்டுப் பாத்தியா? சூடா இருந்துச்சா?

சர்வோசாமி
அண்ணே, அவர் போய் மூணு நாளாச்சு.