மொட்டு நிலையில் 12 பேர், ஆனால் தப்பு ஒரே மாதிரி இல்லை: கழித்தலை எப்படிப் பிரிப்பது?

கரும்பலகை:
மூன்றாம் வகுப்பு, 28 பிள்ளைகள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட மதிப்பீட்டில் 7 பேர் அரும்பு (தொடக்க நிலை), 12 பேர் மொட்டு (இடை நிலை), 9 பேர் மலர் (வகுப்புக்குரிய நிலை). இப்போது கடன் வாங்கிக் கழித்தல். மொட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சித்தாள் கொடுத்தால் பாதிப் பேர் தேறுகிறார்கள், மீதிப் பேர் அதே தப்பைத் திரும்பச் செய்கிறார்கள். நிலைவாரியாகப் பிரித்த பிறகும் ஏன் இப்படி? 40 நிமிடத்தில் ஒரே ஆசிரியர் எத்தனை பேரைத் தனித்துக் கவனிக்க முடியும்?

மணிச்சட்டம்:
டீச்சர், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை நிலை சொல்லும். எங்கே வழுக்கியது என்பதைச் சொல்லாது. அதைத் தப்பான விடைதான் சொல்லும். 62−28 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 34.

46 எழுதினால், எது மேலே எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. இதற்குக் குச்சிதான் வேண்டும்: பத்துக் குச்சிக் கட்டு 6, உதிரி 2. "எட்டு எடு" என்றால் ஒரு கட்டைப் பிரித்தே ஆகவேண்டும் என்பது கைக்குப் புரியும்.

44 என்றால் கடன் வாங்கத் தெரிகிறது, 6-ஐ 5 ஆக்க மறந்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்குக் குச்சி வீண். 6-ஐ அடித்து 5 எழுதிய பிறகே ஒன்றாமிடத்தைத் தொடுவது என்று பழக்கி, ஐந்து கணக்கு கொடுங்கள். 90 என்றால் குறியைப் பார்க்காமல் கூட்டியிருக்கிறது. கூட்டலும் கழித்தலும் கலந்த தாள் கொடுத்து, முதலில் குறியை வட்டமிடச் சொல்லுங்கள்.

சோதிக்கும் எண்ணையும் பார்த்து எடுக்க வேண்டும். 52−27 கொடுத்தால் முதல் இரண்டு தப்புக்கும் 35தான் வரும், ஏனென்றால் ஒன்றாமிடத்தில் 7-க்கும் 2-க்கும் வித்தியாசம் 5. அந்த வித்தியாசம் 5 வராத எண்களாக எடுங்கள். கூடவே 40−18 ஒன்று: 30 எழுதும் பிள்ளை, "0-வில் 8 போகாது, அப்போ 0" என்று விட்டிருக்கும்.

சாக்பீஸ்:
நேரத்துக்கு வருகிறேன். முதல் 8 நிமிடம் எல்லோருக்கும் பொதுவாக. அடுத்த 25 நிமிடம் குழு. ஒரு நாளைக்கு ஒரு தப்புக் குழுவோடு மட்டும் உட்காருங்கள், 4 அல்லது 5 பேர் போதும். மூன்று குழுவையும் சுற்றிவர ஆசைப்பட்டால் எதுவும் முடியாது. மற்றவர்கள் விடையைத் தாங்களே சரிபார்க்கட்டும்: 34+28 போட்டு 62 வருகிறதா என்று பார்த்தால் போதும், உங்களிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டாம். மலர்ப் பிள்ளைகளுக்கு அதே கணக்கை அதிகமாகக் கொடுப்பது தண்டனை மாதிரி. "விடை 34 வரவேண்டும், கடன் வாங்கவும் வேண்டும், அப்படி மூன்று கணக்கு நீயே உருவாக்கு" என்று சொல்லுங்கள்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் (ஏணிபோல் படிப்படியாக அடுக்கிய பாட அட்டைகளைப் பிள்ளை தன் வேகத்தில் முடிக்கும் முறை), தான் ஏணியின் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரிந்தது. அது பெரிய பலம். ஆனால் ஆளுக்கொரு அட்டை என்றாகும்போது, ஆசிரியர் அட்டை சரிபார்ப்பவராக மாறிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் அந்தப் பொது 8 நிமிடத்தை விடாதீர்கள் என்கிறேன்.

கரும்பலகை:
தெளிவாகிறது. அரும்பில் உள்ள 7 பேரும் இதே கணக்கைப் போடலாமா?

மணிச்சட்டம்:
இப்போது வேண்டாம். 12−8-ஐ விரல்விட்டு எண்ணும் பிள்ளை, கடன் வாங்குவதற்குள் எந்த இடத்தில் இருந்தோம் என்பதையே மறந்துவிடும். 20-க்குள் கழித்தல் எண்ணாமல் வரும்வரை தினம் 10 நிமிடம் அதுவே போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த 62−28 மாதிரி ஒரு தாள் எல்லோருக்கும் வைத்து, குழுக்களைக் கலைத்து மறுபடி அமையுங்கள். குழுவுக்கு நிரந்தரப் பெயரும் வேண்டாம், உட்காரும் இடமும் மாறட்டும்.